நல்ல பல்லைப் பிடுங்கச் சொல்லாதீர்கள்

சென்ற மாதம், மழையோடு குளிர்காற்றும் சேர்ந்து அடித்த ஒரு காலையில், 58 வயதான அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். வலப்பக்கத்து மேல் கடைவாய்ப் பல்லைத் தொடாமல் தூரத்திலிருந்தே விரலால் காட்டி, "இதையும் புடுங்கி விட்டுருங்க டொக்டர்" என்றார். அந்த "இதையும்" என்பதில் இருந்த "உம்"தான் இதை என்னை எழுத வைத்தது. இரண்டு வருடத்தில், அதே பக்கத்தில், வெவ்வேறு இடங்களில் மூன்று பற்களை அவர் ஏற்கனவே பிடுங்கியிருந்தார். நான்காவதை எக்ஸ்ரேயில் பார்த்தேன். சூத்தை இல்லை, வேர் நுனியில் சீழ் இல்லை, தட்டினாலும் வலிக்கவில்லை.

எக்ஸ்ரே சொல்லாததை அவருடைய முகம் சொன்னது. இடக்கன்னம் கழுவித் துடைத்த கன்னமாக இருந்தது. வலக்கன்னத்தில் மூக்கோரத்திலிருந்து உதடு வரை அழுக்குப் படிந்திருந்தது. பற்களும் அப்படியே: இடப்பக்கம் சுத்தம், வலப்பக்கம் தடித்த காரை. யாரோ கதவைத் திறந்ததும் காற்றுப் படாதிருக்கச் சேலைத் தலைப்பால் அந்தக் கன்னத்தை மறைத்துக்கொண்டார். அவர் துப்புரவில்லாதவர் அல்லர். அந்த இடத்தைத் தொட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்து அஞ்சுகிறவர். தண்ணீர் பட்டாலோ பிரஷ் பட்டாலோ ஒரு வாய் தேநீர் குடித்தாலோ மின்சாரம் தாக்கியதுபோல் ஒரு வெட்டு வெட்டி, சில விநாடிகளில், மிஞ்சினால் இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும் வலி அது. முகத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டு செல்லும் முக்கிளை நரம்பில் எழுவதால், அதற்கு முக்கிளை நரம்பு வலி என்று பெயர். பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வருகிறது. நோய் நரம்பில் இருக்கிறது, பல்லில் இல்லை.

"முதல் பல்லைப் பிடுங்கியபோது இரண்டு மாதம் நன்றாக இருந்ததே" என்று அவருடைய மகன் கேட்டார். நியாயமான கேள்விதான், இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாததால்தான் மலையகத்தில் எத்தனையோ நல்ல பற்கள் குப்பைக்குப் போகின்றன. இந்த வலி தானாகவே அடங்கி, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் மறைந்திருந்து மீண்டும் வரும் இயல்புடையது. வலி உச்சத்தில் இருக்கும்போது பல்லைப் பிடுங்குகிறீர்கள். அது அடங்கும் காலம் தற்செயலாக அதன்பின் வருகிறது. பெயர் பிடுங்கியவருக்குப் போகிறது. வலி திரும்பும்போது, பிடுங்கிய வைத்தியத்தைச் சந்தேகிக்காமல் பக்கத்துப் பல்லைச் சந்தேகிக்கிறீர்கள். இதில் எங்கள் தொழிலையே ஏமாற்றும் இன்னொரு கண்ணியும் உண்டு. வலியைத் தூண்டும் இடத்தில் விறைப்பு ஊசி போட்டால், ஊசியின் வீரியம் இருக்கும்வரை இந்த நரம்பு வலியும் நின்றுவிடும். "விறைத்ததும் வலி நின்றது, ஆகவே பல்தான்" என்று முடிவு கட்டும் இளம் வைத்தியர்களுக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன். மதியத்துக்குள் நாற்பது பேரைப் பார்த்து முடிக்க வேண்டிய நாளில், பிடுங்கப் பத்து நிமிடமும் கதையைக் கேட்க அரை மணித்தியாலமும் ஆகும் என்றால், எது நடக்கும் என்பது எங்களுக்கும் தெரியும். பழி நோயாளி மீது மட்டும் இல்லை.

அந்த அம்மாவுக்குப் பிடுங்க மறுத்து, கார்பமசிபின் என்ற குளிசையைக் குறைந்த அளவில், 100 மில்லிகிராமில், தொடங்கினோம். வலி எவ்வளவு அடங்குகிறது என்று பார்த்துப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். இடையில் இரத்தப் பரிசோதனைகள் உண்டு. நரம்பை எதுவும் அழுத்துகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், குளிசைக்கு அடங்காவிட்டால் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்ப வேண்டும். ஆனால் மறுவாரமே மகன் தொலைபேசியில் கோபப்பட்டார். மருந்துக்கடைக்காரர் "இது வலிப்புக்குக் கொடுக்கும் குளிசை" என்று சொல்லிவிட்டாராம். ஆம், வலிப்புக்கும் அதுதான். அதற்காக உங்கள் அம்மாவுக்கு வலிப்பு என்று பொருளில்லை. கட்டுக்கடங்காமல் பாயும் நரம்பு எங்கே இருந்தாலும் அது அடக்கும். தாடைத் தசை வலிக்கு இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் எழுதினாலும் இதே கதைதான்: "மனநோய்க் குளிசை" என்று யாரோ சொல்ல, அது குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். கார்பமசிபின் எடுப்பவர்கள் தலைச்சுற்று வரும் முதல் நாட்களில் சரிவில் தனியே இறங்க வேண்டாம். தோலில் தடிப்போ, வாய்ப்புண்ணோ, காய்ச்சலோ கண்டால் குளிசையை நிறுத்திவிட்டு அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மற்றபடி வலி நின்றுவிட்டது என்று நீங்களாக ஒரேயடியாக நிறுத்தக் கூடாது.

தாடைத் தசைகளிலும் மூட்டிலும் எழும் வலி வேறு வகை. காதுக்கு முன்னே மந்தமாக நோகும், காலையில் எழும்போதே தாடை களைத்திருக்கும், கொட்டாவி விட்டால் சொடுக்கும். தலையில் கயிறு போட்டுக் கூடை சுமந்த பெண்களிடம் கழுத்துத் தசையையும் சேர்த்து அழுத்திப் பார்க்காமல் நான் முடிவுக்கு வருவதில்லை. பல்லைக் கடிக்கும் பழக்கத்தை நிறுத்துதல், மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், தாடைப் பயிற்சி, தேவைப்பட்டால் இரவில் அணியும் கடிதடுப்புத் தகடு: பெரும்பாலோருக்கு இவ்வளவே போதும். இங்கும் பிடுங்குவதற்கு ஒன்றுமில்லை.

வாய் எரிச்சலோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது வெற்றிலையைப் பற்றித்தான். மிளகாய்க் காரம் தாங்கவில்லை, வாய் முன்போல் திறக்கவில்லை என்றால், உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து வாய்க்குள் வைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் கன்னத்தின் உட்தோல் இறுகி நாராகிக்கொண்டிருக்கலாம்; அது புற்றுநோய்க்கு முந்திய நிலை. "புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்ற சமாதானம் வேண்டாம். புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் பாக்கும் புற்றுநோய் விளைவிப்பவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட தொகுதியிலேயே வகைப்படுத்திவிட்டது. வெற்றிலை போடாதவர்களின் எரிச்சலுக்கு இரத்தச்சோகை, விட்டமின் குறைபாடு, நீரிழிவு, பூஞ்சைத் தொற்று ஆகியவற்றைத் தேடுவோம். எதுவும் கிடைக்காவிட்டால்தான் அதை நரம்பின் எரிச்சல் என்போம்.

நாட்பட்ட வலிக்குப் பனடோல் தின்றுகொண்டே காலம் தள்ளாதீர்கள். மாதத்தில் பாதி நாட்கள் விழுங்கினால் அதுவே தலைவலியைக் கொண்டு வரும். கராம்பு எண்ணெய் சூத்தைப் பல்லுக்குச் சற்று நேரம் உதவும், நரம்பு வலிக்கு உதவாது. டிஸ்பிரினை ஈறில் அடக்கி வைத்து, வெந்து வெளுத்த வாயோடு தயவுசெய்து வராதீர்கள். மேட்டில் ஏறும்போது தாடை வலித்து, நின்றால் விட்டுவிடுகிறதா? பல் வைத்தியரைத் தேடாமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். இதயமும் தாடையில் வலிக்கும். இரண்டு வாரத்தில் ஆறாத புண், உதட்டில் மரமரப்பு, முகத்தில் வீக்கம் ஆகியவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. வயதானவருக்கு மெல்லும்போது தாடை நொந்து, நெற்றிப்பொட்டும் வலித்து, பார்வையும் மங்கினால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

ஹட்டனிலிருந்து பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குப் போய் வந்தால் ஒரு நாள் சம்பளம் போகும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே போகும் நாளை வீணாக்காதீர்கள். கிளினிக் கொப்பி, பழைய எக்ஸ்ரே, விழுங்கும் குளிசைகளின் உறைகள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். வலி எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எது தொட்டால் வருகிறது என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு போங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதிக்கொள்ளலாம். அந்த ஒரு தாள் பல நேரங்களில் எக்ஸ்ரேயைவிட எங்களுக்கு அதிகம் சொல்லும்.