கருமணலும் வெண்மணலும்: கையடக்க ஒளிமானியைத் தேர்வது எப்படி?

ரீயூனியன் தீவின் எர்மிடாஷ் கடற்கரையில், பவளத்தூளாலான வெண்மணலில் ஒருவரை நிறுத்திப் படம் எடுத்துவிட்டு, அதே வெயிலில் எத்தாங்-சாலேயின் எரிமலைக் கருமணலிலும் அவரைப் படம் எடுத்தால், பழைய பிலிம் கேமராவுக்குள் இருக்கும் மீட்டர், அதாவது ஒளியை அளக்கும் ஒளிமானி, இரண்டு இடங்களிலும் வெவ்வேறு அளவைக் காட்டும். இதில் மீட்டரின் கோளாறு ஏதுமில்லை. பொருளிலிருந்து திரும்பிவரும் ஒளியை அளக்கும் எந்த மீட்டரும், தன்முன் இருப்பது ஏறத்தாழ 18 விழுக்காடு ஒளியைத் திருப்பும் நடுத்தரச் சாம்பல் நிறமே என்று கொள்கிறது. எனவே வெண்மணலில் அதை அப்படியே நம்பினால் முகம் இருண்டுபோகும். கருமணலில் முகம் வெளுத்துவிடும்.

ஆகையால், தனி ஒளிமானி வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது அதில் பால்வெள்ளைக் குமிழ் உண்டா என்பதைத்தான். முகத்தருகே பிடித்து, குமிழைக் கேமராப் பக்கம் திருப்பினால், அது முகத்தின்மேல் விழும் ஒளியையே அளக்கும். பின்னணியின் நிறம் கணக்கில் பெரிதாகச் சேராது. கேமராவோடு வரும் மீட்டரால் செய்ய முடியாத வேலை இது.

அடுத்தது உள்ளே இருக்கும் உணரி. செலினிய மீட்டருக்கு பாட்டரி வேண்டாம். விழும் ஒளியே முள்ளை நகர்த்தும். ஆனால் மங்கிய வெளிச்சத்தில் அது பயன்படாது, ஈரக்காற்றிலும் முதுமையிலும் வலுவிழக்கும். கடலோரத்தில் பல்லாண்டு கிடந்த ஒன்றை நான் சோதிக்காமல் வாங்கமாட்டேன். சோதனை எளிது: தெளிந்த நண்பகல் வெயிலில் குமிழைச் சூரியன் பக்கம் திருப்பினால், ஐ.எஸ்.ஓ. 100-க்கு (பிலிமின் ஒளியுணர்திறன்) எஃப் 16 (லென்ஸ் துளையின் அளவு), 1/125 நொடி (ஒளி விழும் நேரம்) என்பதையொட்டிய அளவு வரவேண்டும். காட்மியம் சல்பைடு மீட்டர்கள் மங்கலிலும் அளக்கும். எனினும் கடும் வெயிலைக் கண்ட பிறகு சற்று நேரம் தடுமாறும். அவற்றுள் பல, இப்போது கிடைக்காத 1.35 வோல்ட் பாதரச பாட்டரிக்காகச் செய்யப்பட்டவை, 1.5 வோல்ட் பாட்டரியைப் போட்டால் ஒளி அதிகமென எண்ணி, பிலிமுக்குக் குறைந்த ஒளியையே தரச் சொல்லும். சிலிக்கான் மீட்டருக்கு இத்தொல்லைகள் இல்லை. பெரும்பாலானோருக்கு அதுவே போதும்.

குமிழுக்கும் ஓர் எல்லை உண்டு. தீமிதித் திருவிழாவில், பொழுது சாய்ந்தபின், குழியில் நடப்பவரின் முகத்தில் கனலின் ஒளி விழும். வேலிக்கு வெளியே நிற்பவர்மீது அது அவ்வளவாக விழாது. நம் கையில் உள்ள குமிழ் நம்மேல் விழும் ஒளியையே அளக்கும் என்பதால், அங்கே ஒரு பாகை அளவுக்கு மட்டும் பார்க்கும் ஸ்பாட் மீட்டரை நடப்பவரின் முகத்தை நோக்கிப் பிடித்து, அவர் நிறத்துக்கேற்ப அரை ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ (ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இரட்டிப்பாக்குவது அல்லது பாதியாக்குவது) மாற்றிக்கொள்வதே சரி. ஆனால் ஸ்பாட் மீட்டரின் விலை அதிகம். எடுக்கும் படங்கள் பகலிலும் வீட்டு முற்றத்திலும்தான் என்றால் அதற்குச் செலவிட வேண்டியதில்லை.

பிலிமின் வகையும் முடிவை மாற்றும். நிற நெகட்டிவ் பிலிம் ஒரு ஸ்டாப் கூடுதல் ஒளியை எளிதில் தாங்கும். ஒளி பாய்ச்சி நேரடியாகப் பார்க்கும் ஸ்லைடு பிலிமிலோ அரை ஸ்டாப் பிழையும் கண்ணில் படும்.