விஸ்காசிட்டி: பாகுநிலை

லத்தீன் மொழியில் 'விஸ்கம்' என்றால் மரக்கிளையில் ஒட்டி வளரும் புல்லுருவி. அதன் பழத்திலிருந்து எடுத்துப் பறவை பிடிக்கப் பூசிய பசைக்கும் அதே பெயர்தான். அங்கிருந்து வந்தது விஸ்காசிட்டி. இயற்பியலில் அதன் பொருள், திரவத்தின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும்போது எழும் உள் உராய்வு.

தமிழில் 'பாகுநிலை', 'பிசுக்குமை' இரண்டும் வழக்கில் உள்ளன. பிசுக்குமை லத்தீன் வேருக்கு நெருக்கம். ஆனால் இஞ்சின் ஆயிலுக்குப் பாகுநிலையே பொருத்தம். பாகு சூட்டில் இளகும், ஆறினால் இறுகும், ஆயிலும் அப்படியே. 'அடர்த்தி' என்று எழுதுவது பிழை. ஆயில் தண்ணீரில் மிதக்கிறது, அதாவது அடர்த்தி குறைவு. பாகுநிலையோ தண்ணீரைவிடப் பல மடங்கு அதிகம்.

இனி, ஆயில் கேனில் எழுதியிருக்கும் 5டபிள்யூ-30. இந்த 'டபிள்யூ' வெயிட் அல்ல, வின்டர். எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே300 தரப்படி, குளிரில் இஞ்சினைச் சுழற்றும்போது ஆயில் தரும் தடையை 5டபிள்யூவுக்கு மைனஸ் 30 டிகிரி செல்சியஸிலும், 10டபிள்யூவுக்கு மைனஸ் 25-இலும், 15டபிள்யூவுக்கு மைனஸ் 20-இலும் சோதிக்கிறார்கள். பின்னால் வரும் எண் 100 டிகிரியில் உள்ள பாகுநிலையைச் சொல்கிறது: 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (பாகுநிலையை அளக்கும் அலகு), 40 என்றால் 12.5 முதல் 16.3-க்குள். ஆகவே 5டபிள்யூ-40, 15டபிள்யூ-40 இரண்டும் சூட்டில் ஒரே வரம்புதான்.

சூடானால் ஆயில் '5'-லிருந்து '30'-ஆகக் கெட்டியாகிறது என்று நம்புகிறவர்கள் நிறைய. எந்த ஆயிலும் சூட்டில் நீர்க்கத்தான் செய்யும். 40 டிகிரியில் 60 சென்டிஸ்டோக்ஸ் அளவில் இருப்பது 100 டிகிரியில் 10 அளவுக்கு இறங்கும். 5டபிள்யூ-30 போல இரண்டு எண் கொண்ட மல்டிகிரேடு ஆயிலில் சேர்க்கும் பாலிமர் அந்த இறக்கத்தை மட்டுப்படுத்துகிறது, அவ்வளவே.

எந்தத் தரம் வேண்டும் என்பதை வண்டியின் கையேடுதான் சொல்லும். பேரிங் இடைவெளி, ஆயில் பம்ப், வால்வு டைமிங் அமைப்பு எல்லாம் அந்தப் பாகுநிலையை வைத்தே வடிவமைக்கப்பட்டவை. வெளி வெப்பநிலைக்கேற்பக் கையேட்டில் பல தரங்கள் இருந்தால் அவற்றுக்குள் தேர்ந்தெடுக்கலாம். கெட்டியாக இருந்தால் நல்லது என்று 0டபிள்யூ-20 கேட்கும் இஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றினால், குளிர்ந்த ஸ்டார்ட்டில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டுக்கு ஆயில் தாமதமாகப் போகும். பிரஷர் கேஜ் என்னவோ அதிகமாகவே காட்டும்! அது ஓட்டம் தடைபடுவதால் ஏறிய அழுத்தம். அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வு வழியே ஒரு பகுதி ஆயில் திரும்பிவிடும்.

தேவைக்கு மேல் நீர்த்த ஆயிலில் பேரிங்கில் உள்ள ஆயில் படலம் அறுந்து உலோகம் உரசும். இஞ்சின் சூடாகி ஐடிலில் இருக்கையில் ஆயில் விளக்கு மினுக்கும். சரியான தரம் ஊற்றியும் அப்படி மினுக்கினால் முதலில் டிப்ஸ்டிக்கில் மட்டத்தைப் பாருங்கள், பிறகு ஆயிலை முகர்ந்து பாருங்கள். மட்டம் ஏறி, பெட்ரோல் வாடை வந்தால், குறுந்தூர ஓட்டத்தில் எரியாத பெட்ரோல் கலந்து பாகுநிலையைக் குறைத்திருக்கிறது. அதற்குக் கெட்டியான தரம் தீர்வல்ல; அதே தரத்தில் புது ஆயில் மாற்றி, பெட்ரோல் கலப்பு ஏன் என்று பார்க்க வேண்டும்.