மலையடிவாரத்தில் கல்யாணமா? முன்பணம் கொடுக்கும் முன் கிழக்கு எது என்று பாருங்கள்

ஆலாந்துறை, தென்காசி, குற்றாலம் பக்கம் தோப்புகளிலும் பண்ணை வீடுகளிலும் திருமணம் நடத்துவது பெருகிவிட்டது. ஓட்டுத் திண்ணை, கிணற்றடி, பின்னால் நீலமாக மேற்குத் தொடர்ச்சி மலை. கேமரா பிடிப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று கேட்பார்கள். வேண்டியது நிறைய இருக்கிறது. அதில் பெரும்பகுதி என் கையில் இல்லை, மண்டபத்துக்குப் பதிலாகத் தோப்பைத் தேர்ந்தெடுக்கும் குடும்பத்தாரின் கையில் இருக்கிறது.

பெரும்பாலோர் இடம் பார்க்கப் போவது விடுமுறை நாளின் மாலையில். தாலி கட்டுவதோ காலையில். மாலையில் பார்த்த அழகு காலையில் அங்கே இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. எந்த வெளிச்சத்தில் படம் எடுப்பது என்பதை உண்மையில் முடிவு செய்பவர் முகூர்த்தம் குறித்துக் கொடுக்கும் ஜோசியர்தான். நாலரை முதல் ஆறு வரையிலான முகூர்த்தம் என்றால் மலையை மறந்துவிடுங்கள், எந்த மாதமானாலும் பெரும்பகுதி இருட்டு. ஆறு முதல் ஏழரை என்றாலும் தை மாதத்தில் கோவைப் பக்கம் சூரியன் எழவே ஆறே முக்கால் ஆகிவிடும். கிழக்கே தென்னை வரிசை இருந்தால் வெயில் மணவறையைத் தொட இன்னும் நேரமாகும். ஏழரை முதல் ஒன்பது எங்களுக்குத் தங்கமான வேளை, திங்கட்கிழமை தவிர. அன்று அது ராகு காலம். பத்து மணியைத் தாண்டினால் வெயில் மேலிருந்து இறங்கத் தொடங்கும். சித்திரை முதல் வாரத்தில் நம் ஊர்களில் உச்சிப்பொழுதுச் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் நிற்கிறது. அப்போது வெட்டவெளியில் எடுத்தால் கண்குழிகள் கறுத்து, புதுமணத் தம்பதி பத்து நாள் தூங்காதவர்கள் போல இருப்பார்கள்.

இனி திசை. மணமக்களைப் பெரும்பாலும் கிழக்கு நோக்கி உட்கார வைக்கிறோம். மலையின் தமிழ்நாட்டுப் பக்கத்து அடிவாரங்களில் மலை பொதுவாக மேற்கே இருக்கும். ஆக, காலை வெயில் மணமக்களின் முகத்திலும் விழும், அவர்களுக்குப் பின்னால் உள்ள மலையிலும் விழும். சம்பிரதாயமே நமக்கு வசதியாக அமைத்துக் கொடுத்த காட்சி இது. இதைக் கெடுப்பதற்கென்றே ஒரு பொருள் வந்திருக்கிறது: மேடைக்குப் பின்னால் எழுப்பும் அலங்காரச் சுவர். மலைக்காகக் கூடுதல் வாடகை கொடுத்துவிட்டு, அந்த மலையைத் தெர்மாகோல் எழுத்துகளாலும் பிளாஸ்டிக் பூக்களாலும் மறைத்துவிடுகிறார்கள். அலங்காரக்காரரிடம் சொல்லுங்கள்: பின்பக்கம் திறந்திருக்கட்டும், தூண்களுக்கு மட்டும் வாழையும் தோரணமும் போதும்.

பின்பக்கத்தைத் திறந்தால் முன்பக்கத்தையும் திறந்தாக வேண்டும். கிழக்குப் பக்கம் பந்தலைத் தாழ்வாக இறக்கிவிட்டால் மணமக்கள் நிழலில் இருப்பார்கள், மலை வெயிலில் இருக்கும். நம் கண் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடும், கேமராவுக்கு அது கடினம். முகத்துக்கு வெளிச்சம் சரிசெய்தால் மலை வெளுத்து மறைந்துவிடும். மலைக்குச் சரிசெய்தால் முகம் கறுக்கும். ஃபிளாஷ் போட்டுச் சமாளிக்கலாம், சமாளிக்கிறோம். ஆனால் அந்தப் படத்தில் காலை வெயிலின் இதம் இருக்காது.

பந்தல் துணியின் நிறத்தை யாரும் யோசிப்பதே இல்லை. வெயில் மஞ்சள் துணி வழியாக இறங்கினால் மணப்பெண் மஞ்சள்காமாலைக்காரி போல் தெரிவாள். சிவப்புத் துணியென்றால் பட்டு வேட்டிகூட ரோஜா நிறமாகிவிடும். கீழே பச்சைப் பிளாஸ்டிக் புல்விரிப்பைப் போட்டால் அதன் பச்சை தாடைக்கு அடியில் ஏறும். பிறகு கணினியில் திருத்தலாம் என்பார்கள். முகத்தைத் திருத்தினால் புடவையின் நிறம் போய்விடும். அந்தப் புடவையைத் தேர்ந்தெடுக்க ஒரு குடும்பமே காஞ்சிபுரம் போய் வந்திருக்கும். வெள்ளைத் துணிப் பந்தல் போடுங்கள். தென்னங்கீற்றுப் பந்தல் அழகுதான்; நெருக்கமாக வேயச் சொல்லுங்கள். ஓட்டை இருந்தால் மூக்கில் ஒரு வெயில் பொட்டு, நெற்றியில் ஒன்று என்று விழும்.

மாலை வரவேற்புக்கு வருகிறேன். சூரியன் மறைவது ஆறரை என்று நாள்காட்டியில் போட்டிருப்பது சமவெளிக்குச் சரி. மேற்கே மலை நிற்கும் இடத்தில் அரை மணி நேரம் முன்பே, அடிவாரத்தை நெருங்க நெருங்க இன்னும் முன்பே, வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். ஆறு மணிக்கு அலங்காரம் முடிந்து பெண் வெளியே வரும்போது பொன்வெயில் எங்கே என்று என்னைக் கேட்டுப் பயனில்லை. தென்காசிப் பக்கம் ஆனி மாதமென்றால் இன்னொரு எச்சரிக்கை: சாரல் காலத்தில் மேகம் இறங்கினால் மலையே தெரியாது. சாரலை ரசிப்பவர்களுக்கு அதுவும் அழகுதான். மலை வேண்டும் என்பவர்கள் வேறு மாதம் பார்க்கலாம்.

படத்தோடு நேரடியாகச் சேராத, ஆனால் படத்தைவிட முக்கியமான ஒன்று: தென்னந்தோப்பில் பந்தல் போட்டால் முதல் நாளே மரமேறுபவரை அழைத்து, நெற்றையும் காய்ந்த மட்டையையும் இறக்கிவிடுங்கள். காற்றடித்தால் அவை முகூர்த்தம் பார்த்து விழுவதில்லை. மரங்களில் தேன்கூடு, குளவிக்கூடு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், ஹோமப்புகை கலைக்கும். யானை நடமாட்டம் உள்ள பகுதியென்றால் இரவு விருந்தையும் வாணவேடிக்கையையும் மண்டபத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.

ட்ரோன் வேண்டும் என்று கேட்காத வீடு இப்போது இல்லை. 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனுக்குப் பதிவெண் வேண்டும். விமான நிலையத்தை ஒட்டிய வான்பகுதியில் முன் அனுமதி வேண்டும். புலிகள் காப்பகம், காப்புக்காடு ஆகியவற்றின் மேல் வனத்துறை அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. அடிவாரத்தில் காட்டின் எல்லை வேலிக்கு அந்தப் பக்கமே தொடங்கலாம். புகைப்படக்காரரை ஒப்பந்தம் செய்யும்போதே பதிவு ஆவணத்தைக் கேளுங்கள்; கோபித்துக்கொண்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

கடைசியாக, மணமக்களைத் தனியே எடுக்கும் படங்கள். விடுமுறை நாள் என்பதால் ஞாயிற்றுக்கிழமைத் திருமணங்கள்தான் அதிகம். ஞாயிறன்று ராகு காலம் நாலரை முதல் ஆறு வரை. நல்ல வெயிலும் அதே நேரத்தில்தான். அந்த நேரத்தில் பெண்ணை வெளியே அழைத்தால் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். நாலு மணிக்கே தோப்புக்குள் முதல் படத்தை எடுத்துவிட்டால் தொடங்கிய காரியம் தொடர்கிறது என்று கணக்காகிவிடும், பாட்டிமாரும் ஒப்புக்கொள்வார்கள். ஆகவே அலங்காரம் செய்பவரை இரண்டு மணிக்கே வரச் சொல்லுங்கள்.