வெட்சி இலை வெளுத்தால் முட்டை ஓடு போடாதீர்கள்

சிங்கப்பூரில் வெட்சி இல்லாத புளோக்கைப் பார்ப்பது அரிது. கார் நிறுத்துமிட ஓரம், கோயில் வாசல், தாழ்வாரத் தொட்டி என்று எங்கும் இருக்கும். இட்லிப்பூ என்றால் சட்டென்று தெரியும். தோட்டப் பராமரிப்பு என் தொழில். சமூகத் தோட்டங்களுக்குப் போகும்போது அக்காமார்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: "தண்ணி ஊத்துறேன், உரமும் போடுறேன், இலை ஏன் தம்பி மஞ்சளாகுது?"

எந்த இலை என்று முதலில் பாருங்கள். நுனியில் வரும் புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைதான். மண்ணில் இரும்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். வெட்சி புளிப்பு மண்ணை விரும்பும் செடி. மண்ணின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் பிஎச் அளவு 5 முதல் 6 வரை இருந்தால் செழிக்கும். மண் காரமாகிவிட்டால் இரும்பு கரையாமல் நின்றுவிடும், வேரால் எடுக்க முடியாது. சிமெண்டுச் சுவரிலிருந்து கசியும் சுண்ணாம்பும், வீடு புதுப்பித்தபின் மண்ணில் கிடக்கும் சிமெண்டுத் தூளும் இதைத்தான் செய்கின்றன. நடைபாதையை ஒட்டிய செடி வெளுத்திருக்க, சற்றுத் தள்ளி நிற்பது பச்சையாக இருக்கும்.

இந்த நிலையில் பலர் முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுகிறார்கள், சாம்பலும் தூவுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். முட்டை ஓடு ஏறக்குறைய முழுக்கச் சுண்ணாம்புச் சத்து, சாம்பலும் காரம். இரண்டும் இருக்கிற சிக்கலைக் கூட்டும். எப்சம் உப்பும் இதற்கு மருந்தல்ல. அது மக்னீசியக் குறைக்கானது, அந்தக் குறை அடி இலையில்தான் முதலில் தெரியும். அடி இலையில் செம்பழுப்புப் புள்ளிகள் வந்தால் பொட்டாசியத்தைச் சந்தேகியுங்கள்.

சரி, என்ன செய்வது? மட்கிய இலை உரத்தை மேல்மண்ணில் கலந்து, வேர் எடுக்கக்கூடிய வடிவில் இரும்பு உள்ள கீலேட் உரத்தைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் கொடுங்கள். தொட்டியானால் மண்ணையே மாற்றிவிடுவது எளிது. அடுத்து வரும் துளிர் பச்சையாக இருந்தால் மருந்து வேலை செய்கிறது.

வேரில் தண்ணீர் தேங்கினாலும் இதே வெளுப்பு வரும். தொட்டித் தட்டில் நீர் நின்றால் செடியும் வாடும், ஏடிஸ் கொசுவும் முட்டையிடும். தட்டை அடிக்கடி கவிழ்த்து, மழையில் இறுகிய மேல்மண்ணைக் கிளறிவிடுங்கள். அப்புறம், பூ கிளை நுனியில்தான் வரும். வேலிபோல் அடிக்கடி சமமாக வெட்டினால் மொட்டெல்லாம் கத்தரியோடு போய்விடும். ஒரு சுற்றுப் பூத்து முடிந்தபின் வெட்டுங்கள்.