முதல் பைக்: சிசி பார்க்கும் முன் பிரேக்கைப் பாருங்கள்

கியர் பைக் ஓட்டப் பழக வருகிற பெரும்பாலோர் ஒரு எச்சரிக்கையோடுதான் வருகிறார்கள்: "ஃப்ரண்ட் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிச்சிடும்." அண்ணனோ மாமாவோ நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் இந்தப் பயத்தோடு ரோட்டில் இறங்குகிறவர், வண்டியின் பிரேக் திறனில் பாதிக்கு மேல் பயன்படுத்தாமலே ஓட்டுகிறார்.

பிரேக் பிடித்ததும் பாரம் முன்பக்கம் சாயும். முன் டயர் ரோட்டில் அழுந்தி பிடிமானம் கூடும். பின் டயர் லேசாகிவிடும். அதனால் காய்ந்த ரோட்டில் அவசரமாக நிறுத்தும்போது சுமார் 70 சதவீத வேலையைச் செய்வது முன் பிரேக்தான். பின் பிரேக்கை மட்டும் ஓங்கி மிதித்தால் சக்கரம் லாக் ஆகி, டயர் தேய்ந்துகொண்டே போகுமே தவிர வண்டி சீக்கிரம் நிற்காது.

பிறகு ஏன் சிலரைத் தூக்கி அடிக்கிறது? லிவரை வெடுக்கென்று பிடிப்பதுதான் முக்கியமான காரணம். பாரம் முன்னால் வந்து சேர்வதற்குள் சக்கரம் நின்றுவிடுகிறது. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது பிடிப்பதும், மணலில் பிடிப்பதும் மற்ற இரண்டு. முதலில் பிரேக் பேடு சக்கரத்தின் டிஸ்க்கைத் தொடும் அளவுக்கு மட்டும் லிவரை அழுத்துங்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் கீழே அமுங்குவது உள்ளங்கையில் தெரியும். அதற்குப் பிறகு இறுக்கிக்கொண்டே போகலாம். பழகிய கைக்கு இதெல்லாம் ஒரு நொடிகூட ஆகாது.

ஸ்கூட்டரிலிருந்து பைக்குக்கு மாறுகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. ஸ்கூட்டரில் இடது கை லிவர் பின் பிரேக். பைக்கில் அதே இடத்தில், என்ஜினைச் சக்கரத்திலிருந்து பிரிக்கும் கிளட்ச். நாய் குறுக்கே பாய்ந்தால் பழகிய இடது கைதான் முதலில் இறுகும். பிரேக் விழாது. என்ஜின் பிடித்து இழுப்பதும் நின்று, வண்டி தடையில்லாமல் உருளும். இதைப் பயிற்சியால் மட்டுமே மாற்ற முடியும்.

ஆளில்லாத, காய்ந்த தார் அல்லது சிமெண்ட் தளம் தேடுங்கள். மண் மைதானம் வேண்டாம். சாக்பீஸில் ஒரு கோடு போட்டு, 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கோட்டைத் தொட்டதும் இரண்டு பிரேக்கும் பிடியுங்கள். வண்டி நிற்கப்போகும் கடைசிக் கட்டத்தில்தான் கிளட்ச். பார்வை தூரத்தில் இருக்கட்டும், முன் சக்கரத்தில் வேண்டாம். 20 சரியாக வந்த பிறகு 30, அப்புறம் 40. தினமும் கால் மணி நேரம், இரண்டு வாரம். வேகம் 40-லிருந்து 60 ஆனால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் ஒன்றரை மடங்கு ஆகாது, இரண்டேகால் மடங்கு ஆகும். கை பிரேக்குக்குப் போகும் அந்த ஒரு நொடியிலேயே 60-ல் வண்டி 17 மீட்டர் ஓடியிருக்கும்.

இதையெல்லாம் பயமில்லாமல் பழக விடும் வண்டிதான் நல்ல முதல் வண்டி. எனவே எடையிலிருந்து தொடங்குங்கள். ஸ்ப்ளெண்டர் பிளஸ் சுமார் 112 கிலோ, கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. ஓடும்போது அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. சிக்னலில் கால் ஊன்றும்போதும், சரிவில் யூ-டர்ன் அடிக்கும்போதும்தான் தெரியும். புதியவர்கள் வண்டியைக் கீழே போடுவதும் அங்கேதான். ஷோரூமில் என்ஜினை ஆஃப் செய்து, உட்கார்ந்தபடியே பின்னால் தள்ளிப் பாருங்கள். ஒரு காலாவது முழுப் பாதமும் பதிய வேண்டும்.

ஊருக்குள் ஓட்ட 110 முதல் 125 சிசி தாராளம். அதில் டிரம் பிரேக் மாடலும் டிஸ்க் பிரேக் மாடலும் இருந்தால் சில ஆயிரம் கூடுதலாகக் கொடுத்து டிஸ்க் வாங்குங்கள். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். தினமும் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு 150-160 சிசி பொருத்தம். சிங்கிள் சேனல் ஏபிஎஸ் முன் சக்கரத்தை மட்டுமே காக்கும், பின் சக்கரம் லாக் ஆகலாம்.

பழைய வண்டி வாங்குவதில் தவறே இல்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. டயரின் பட்டன் தேயாவிட்டாலும் ஐந்தாறு வருடமான ரப்பர் இறுகிப்போயிருக்கும், மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் கடக்கென்று மாட்டினால், ஹேண்டில் சுழல உதவும் பேரிங்கான கோன் செட் போய்விட்டது.

ஹெல்மெட்டுக்கான பணத்தை வண்டி விலை பேசும் முன்பே ஒதுக்கிவிடுங்கள். ஐஎஸ் 4151 எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே டேப் சுற்றி அளந்தால் சைஸ் வரும்: 58 சென்டிமீட்டருக்கு 580, 60-க்கு 600. கன்னம் லேசாக அழுந்துவதுதான் சரியான அளவு. பட்டையை மாட்டி, பின்னாலிருந்து மேலே தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்களுக்கானது இல்லை. பட்டை மாட்டாத ஹெல்மெட் முதல் அடியிலேயே தெறித்துவிடும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு 18 ஆகவில்லை என்றால் கியர் பைக் சாவியைக் கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) காலத்தில் பின்சீட்டில் நண்பரை ஏற்றாதீர்கள். சட்டப்படியும் கூடாது, பின்னால் ஆள் இருந்தால் நிற்கும் விதமே மாறும். நின்றிருக்கும் பஸ், ஷேர் ஆட்டோவின் இடதுபக்கம் நுழையாதீர்கள். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும். வெள்ளைக் கோடும் இரும்புத் தகடும் வழுக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ராகித் தாளையும் கொள்ளுச் செடியையும் போரடிக்க ரோட்டிலேயே பரப்பியிருப்பார்கள். அதில் ஏறும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, ஹேண்டில் நேராக, பிரேக்கைத் தொடாமல் கடந்து போங்கள்.