கஸ்பா: கோட்டையா, ஊரா?

கஸ்பா: வட ஆப்பிரிக்க நகரங்களில் ஆட்சியாளர் இருந்த உள்கோட்டை. அதை ஒட்டியிருக்கும் பழைய ஊர்ப்பகுதி. தெற்கு மொராக்கோவில், மூலைக்கொரு கோபுரம் வைத்துக் கட்டிய மண்கோட்டை வீடு.

ஒரே சொல்லுக்கு மூன்று பொருள். தமிழில் எழுதும்போது மூன்றையும் ‘கோட்டை’ என்றே போட்டுவிடுகிறோம். அப்படி எழுதினால் அல்ஜீரியாவின் தலைநகரான அல்ஜியர்ஸின் கஸ்பாவைப் பற்றிப் படிக்கிறவர் மதிலும் பீரங்கியும்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார். அங்கே இருப்பது பள்ளிவாசல், மாளிகை, குறுகிய படிக்கட்டுத் தெரு, சந்துக்குள் சந்து, மக்கள் குடியிருக்கும் வீடுகள்.

அரபியில் இது கஸபா. வேர் காஃப், ஸாத், பா என்ற மூன்று எழுத்து. நாணலும் குழாயும் இந்த வேரைச் சேர்ந்தவை: கரும்புக்கு கஸபுஸ் ஸுக்கர், மூச்சுக்குழாய்க்கு அல்கஸபா அல்ஹவாயிய்யா. வெட்டுதல் என்ற பொருளும் இதே வேருக்கு உண்டு. இறைச்சி வெட்டுகிறவர் கஸ்ஸாப். நம் கசாப்புக் கடைக்குப் பெயர் கொடுத்தவர் அவர்தான். ஊரைக் குறித்துச் சொல்லும்போது கஸபா என்றால் நகரத்தின் நடுவிடம், தலைமை இடம், அங்கே இருக்கும் கோட்டை.

ஸ்பெயினுக்குப் போன சொல் அல்கஸாபா ஆனது. மலாகாவிலும் அல்மெரியாவிலும் குன்றின்மேல் இருக்கும் கோட்டைகளுக்கு அதுதான் பெயர். செவில் நகரத்து அல்கஸார் அரண்மனையை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது கஸ்ர் என்ற வேறு சொல்லிலிருந்து வந்தது. அந்த கஸ்ர் என்ற சொல்லுக்கு மூலம் லத்தீன்.

கிழக்கே பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்தபோது கோட்டை உதிர்ந்துபோய், தலைமை ஊர் என்ற பொருள் மட்டும் தங்கியது. புனேயில் கஸ்பா பேட்டை இருக்கிறது. வேலூரில் கஸ்பா, ஆம்பூரில் ஏ-கஸ்பா என்று நம் பக்கத்திலும் இடப்பெயர்கள் உண்டு. ஆக, இது தமிழுக்குப் புதுச் சொல் இல்லை. வருவாய்த் துறை ஏடுகள் வழியாக எப்போதோ உள்ளே வந்துவிட்டது.

சரி, அல்ஜியர்ஸுக்கு வருவோம். 10ஆம் நூற்றாண்டில் புலுக்கின் இப்னு ஸீரி நிறுவிய ஊர் அது. கரைக்கு முன்னால் கிடந்த சிறு தீவுகளை வைத்து அல்ஜஸாயிர், அதாவது ‘தீவுகள்’ என்று பெயர். உதுமானியர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், மேட்டின் உச்சியில் கோட்டை எழுந்தது. கஸ்பா என்பது முதலில் அந்தக் கோட்டை மட்டும்தான். நகரத்தை ஆண்ட ‘தே’க்கள்கூட வெகுகாலம் அங்கே இருக்கவில்லை, கீழே துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஜெனினா அரண்மனையில் இருந்தார்கள். 1817இல் அலி கோஜா என்ற தே, தன் படைவீரர்களான ஜானிசரிகளுக்கே பயந்து, கருவூலத்தோடு மேலே குடிபெயர்ந்தார்.

அடுத்து வந்த ஹுசைன் தே 1827இல் பிரெஞ்சுத் தூதர் தெவாலை ஈவிசிறியால் அடித்தது இந்த அரண்மனையில்தான். பிரான்ஸ் கோதுமை வாங்கிவிட்டுப் பல வருடம் இழுத்தடித்த பாக்கிதான் சண்டைக்குக் காரணம். அந்த அடியைச் சாக்காக வைத்து 1830இல் பிரெஞ்சுப் படை இறங்கியது. ஜூலை 5 அன்று நகரம் விழுந்தது.

சொல்லின் பொருள் மாறியது அதற்கப்புறம். பிரெஞ்சுக்காரர்கள் ஊரின் கீழ்ப்பகுதியை இடித்துச் சதுக்கமும் அகலச் சாலைகளும் போட்டார்கள். இன்றைய தியாகிகள் சதுக்கம் அப்படி வந்ததுதான். கெச்சாவா பள்ளிவாசலைத் தேவாலயம் ஆக்கினார்கள். 1962இல் விடுதலை கிடைத்த பிறகே அது திரும்பப் பள்ளிவாசலானது. இடிபடாமல் சரிவில் மிஞ்சிய ஊர் முழுவதையும் ‘காஸ்பா’ என்று அழைத்தார்கள். உச்சியில் இருந்த கோட்டையின் பெயர் இப்படித்தான் சரிவு முழுக்கப் பரவியது.

அங்குள்ள ஒரு வீட்டைப் பார்த்தால் ‘கோட்டை’ என்ற மொழிபெயர்ப்பு ஏன் பொருந்தாது என்று புரியும். தெருவைப் பார்த்த சுவரில் ஜன்னல் பெயருக்குத்தான் இருக்கும். கதவைத் திறந்தால் நேரே வீட்டுக்குள் போய்விட முடியாது. ஸ்கீஃபா என்ற இடைகழி வளைந்து போகும், அதனால் வாசலில் நிற்பவருக்கு உள்ளே இருப்பவர்கள் தெரிய மாட்டார்கள். வளைவைத் தாண்டினால் வஸ்துத்தார், ‘வீட்டின் நடு’ என்று பொருள்படும் முற்றம். சுற்றிலும் தூண், தூணை இணைக்கும் வளைவு, ஓடு பதித்த சுவர். மாடி அறைகள் தெருப்பக்கம் பிதுங்கி நிற்கும். சுவரிலிருந்து சாய்வாக நீளும் மரக்கட்டைகள்தான் அவற்றைத் தாங்குகின்றன. சில சந்துகளில் எதிரெதிர் வீடுகள் மேலே தொட்டுக்கொள்வதுபோல் நெருங்கி, வானம் ஒரு கோடாகத் தெரியும். மொட்டை மாடிகள் பெண்களின் இடம். சரிவில் கட்டியதால் ஒரு மாடிக்குமேல் இன்னொரு மாடி எழும்பி, ஒவ்வொன்றுக்கும் கடல் தெரியும்.

1956–57இல் விடுதலைப் போராளிகளுக்கு இந்தச் சந்துகளும் மாடிகளும்தான் மறைவிடம். 1957 அக்டோபர் 8 அன்று அலி லா புவான்த், ஹசீபா பென் புவாலி ஆகியோர் ஒளிந்திருந்த வீட்டைப் பிரெஞ்சுப் படை வெடிவைத்துத் தகர்த்தது. பலியானவர்களில் ஒருவன் சிறுவன், ஓமர். 1992இல் யுனெஸ்கோ கஸ்பாவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வீடுகள் பல இன்றும் இடிந்து விழும் நிலையில்தான் நிற்கின்றன. நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

தமிழில் எப்படி எழுதலாம்? உச்சியில் உள்ள கட்டடத்துக்கு ‘உள்கோட்டை’ பொருத்தம். நகருக்குள் இன்னொரு காவல் என்பதை அது நேராகச் சொல்கிறது. ஊர்ப்பகுதிக்கு ‘கோட்டைநகர்’ என்பேன். கோட்டையின் பெயர் ஊருக்கு ஆகிவருவது நமக்குப் பழக்கமானதுதான்: புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை, செங்கோட்டை என்று சொல்லும்போது யாரும் மதிலை நினைப்பதில்லை. ‘அகநகர்’ அழகான பழஞ்சொல்தான், ஆனால் மதிலுக்குள் இருக்கும் எந்த ஊருக்கும் அது பொருந்தும். வட ஆப்பிரிக்க நகரங்களில் மதிலுக்குள் இருக்கும் பழைய ஊரை மதீனா என்பார்கள், அதற்கு இதை வைத்துக்கொள்ளலாம். அல்ஜியர்ஸைப் பற்றி எழுதும்போது கஸ்பா என்று சிறப்புப் பெயராக விட்டு, முதல் இடத்தில் மட்டும் ‘கஸ்பா என்னும் கோட்டைநகர்’ என்று எழுதினால் போதும்.

மொராக்கோவில் ரபாத் நகரத்து உதாயா கஸ்பா கடலோரக் கோட்டைநகர்தான். தெற்கே அட்லஸ் மலைக்கு அப்பால் போனால் கஸ்பா என்பது ஒரு குடும்பத்தின் மண்கோட்டை வீடு. அங்குள்ள பெர்பர் மக்களின் அமாசிக் மொழியில் அதற்குப் பெயர் திக்ரெம்த். அப்படிப் பல வீடுகள் ஒரே மதிலுக்குள் இருந்தால் அது க்ஸார். ஐத் பென்ஹத்து ஒரு க்ஸார், அதைக் கஸ்பா என்று எழுதுவது தவறு.

துனீசியாவின் தலைநகரான தூனிஸில் இன்னொரு பொருளும் உண்டு. பிரதமர் அலுவலகம் கஸ்பா சதுக்கத்தில் இருப்பதால் செய்திகளில் கஸ்பா என்றாலே அரசாங்கம். 2011 ஜனவரி, பிப்ரவரியில் மக்கள் அந்தச் சதுக்கத்தில் உட்கார்ந்து போராடினார்கள். பிப்ரவரி 27 அன்று பிரதமர் முகமது கன்னூஷி பதவி விலகினார். நம் செய்தித்தாள்கள் தலைமைச் செயலகத்தைக் கோட்டை என்று எழுதுவது போலத்தான் இதுவும். தூனிஸ் அரசியலைப் பற்றிய செய்தியில் மட்டும் கஸ்பாவைத் தயங்காமல் ‘கோட்டை’ என்றே மொழிபெயர்க்கலாம்.