அடுப்பேறாத ஜாம்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், வில்லமெட் பள்ளத்தாக்கில், ஹூட் என்றொரு ஸ்ட்ராபெர்ரி ரகம் விளைகிறது. உள்ளே வரைக்கும் சிவந்து, சாறு நிறைந்து, தொட்டாலே கன்றிப்போகும் அளவுக்கு மென்மையான பழம். லாரியேறித் தொலைதூரம் போகத் தாங்காது, பறித்த இரண்டொரு நாளில் குழைந்துவிடும். ஜூன் மாதத்தை ஒட்டிச் சில வாரங்கள்தான் சீசன். அதனால் அங்கே பலர் தோட்டத்துக்கே போய் வாளி வாளியாகப் பறித்துவந்து உடனே ஜாம் போட்டுவிடுகிறார்கள். பழத்தை அடுப்பில் ஏற்றாமல் செய்யும் ஃப்ரீசர் ஜாம் இப்படிப்பட்ட பழத்துக்கு மிகவும் பொருத்தமானது.

ஸ்ட்ராபெர்ரியின் மணத்தில் பெரும்பங்கு எஸ்டர்கள் என்ற எளிதில் ஆவியாகும் சேர்மங்களுடையது. ஜாம் கொதிக்கும்போது வீடே மணக்கிறதென்றால், அந்த மணம் சட்டியை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். பழத்துக்குச் சிவப்பு தரும் ஆந்தோசயனின் நிறமியும் சூட்டில் சிதையும். அடுப்பைத் தவிர்த்தால் மணமும் நிறமும் பெருமளவு தப்பும்.

ஆனால் அடுப்பு சும்மா எரிவதில்லை. அது தண்ணீரை வற்றவைக்கிறது, கிருமிகளைக் கொல்கிறது, முக்கியமாகப் பழத்திலிருந்து பெக்டினைப் பிரித்து எடுக்கிறது. பெக்டின் என்பது தாவர செல் சுவரில் இருக்கும் நீண்ட சங்கிலி மூலக்கூறு. பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்றி பிராக்கொனோ 1825-இல் இதைப் பற்றி எழுதினார். பழத்தில் இது செல் சுவரோடு பிணைந்து கிடப்பதால், சூடுபட்டால்தான் கழன்று சாற்றில் கரையும். ஸ்ட்ராபெர்ரியில் பெக்டினே குறைவு. பழுக்கப் பழுக்க என்சைம்கள் அதையும் துண்டாக்கிவிடும். ஆகவே ஃப்ரீசர் ஜாமுக்குக் கடைப் பெக்டின் வேண்டும். எலுமிச்சை, ஆரஞ்சு வகைப் பழத்தோலிலிருந்தும் ஆப்பிள் சக்கையிலிருந்தும் எடுப்பது அது. பொடியாக இருந்தால் தண்ணீரில் கலந்து ஒரு நிமிடம் கொதிக்கவிட்டுப் பழத்தில் ஊற்றுவார்கள். சமைக்காத ஜாமில் கொதிப்பது இந்தத் தண்ணீர் மட்டும்தான்.

சரி, பெக்டின் எப்படி ஜாமைக் கெட்டியாக்குகிறது? தண்ணீரில் பெக்டின் சங்கிலிகள் எதிர்மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று தள்ளுகின்றன. பழத்தின் புளிப்பு, அதாவது அமிலம், அந்த மின்னூட்டத்தை அடக்குகிறது. சில செய்முறைகளில் எலுமிச்சைச் சாறு சேர்ப்பதற்கு இதுதான் காரணம், ருசி மட்டுமல்ல. தள்ளல் குறைந்தாலும் சங்கிலிகளைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்திருக்கும். சர்க்கரை அதைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். அப்போதுதான் சங்கிலிகள் நெருங்கி, ஆங்காங்கே பிணைந்து வலையாகின்றன. மீதிச் சாறு அந்த வலைக்குள் சிக்கிக்கொள்கிறது.

வழக்கமான பெக்டினில் இது நடக்க, கலவையில் பாதிக்கு மேல் சர்க்கரை இருக்க வேண்டும். அடுப்பு ஜாமில் தண்ணீர் வற்ற வற்ற சர்க்கரையின் விகிதம் தானே ஏறும். இங்கே எதுவும் வற்றாது. அதனால்தான் நசுக்கிய ஸ்ட்ராபெர்ரி 2 கப் என்றால் சர்க்கரை 4 கப் என்று பல செய்முறைகள் சொல்கின்றன. படிக்கும்போதே திகட்டும் அளவுதான். ஆனால் மனம்போல் பாதியாகக் குறைத்தால் ஜாம் பாகாகவே நின்றுவிடும். இனிப்பு குறைவாக வேண்டுமென்றால், சர்க்கரையை நம்பாமல் கால்சியத்தால் பிணையும் வேறு வகைப் பெக்டின் கிடைக்கிறது. அதை வாங்கி, பாக்கெட்டில் உள்ள அளவைப் பின்பற்றுவதே சரி.

பழத்தை மிக்ஸியில் கூழாக்காமல், மசிக்கும் கரண்டியால் சிறு துண்டுகள் மிஞ்சும்படி நசுக்குவது நல்லது. சர்க்கரையைக் கலந்து பத்து நிமிடம் விட்டால் பழம் சாறு விடும். பெக்டினை ஊற்றிய பிறகு மூன்று நிமிடமாவது விடாமல் கிளற வேண்டும். ஒரு சொட்டை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் இன்னும் கரையவில்லை. இந்த இடத்தில் அவசரப்பட்டால், கடைசிவரை பல்லில் சர்க்கரை கடிபடும். அப்புறம் டப்பாக்களில் ஊற்றி, மூடி, அறை வெப்பத்தில் 24 மணி நேரம் வைத்தால் வலை முழுதாக உருவாகிவிடும். டப்பாவின் மேலே ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக இடம் விடுங்கள், ஏனென்றால் தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும்.

இனி கிருமிகளைத் தடுப்பது குளிரின் வேலை. மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் ஈஸ்டும் பூஞ்சையும் சாகாது, ஆனால் பெருகவும் முடியாது. அதனால் இந்த ஜாமை அலமாரியில் வைக்கவே கூடாது. ஃப்ரிட்ஜில் மூன்று வாரம், ஃப்ரீசரில் ஓராண்டு வரை வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை உறைநிலையைக் கீழே தள்ளுவதால், ஃப்ரீசரிலும் ஜாம் கல்லாக இறுகாது.

சாப்பிட வேண்டிய டப்பாவை முந்தின இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். பனிப்படிகங்கள் வலையை அங்கங்கே கிழித்திருக்கும் என்பதால் மேலே கொஞ்சம் சாறு மிதக்கலாம். கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிட வேண்டாம், ஒருமுறை கலக்கிவிட்டால் போதும்.